நாலாவது கைப்பிடி

அத்தியாயம் 6

ஒரு ஜன்னல் கைப்பிடிக்காகக் கட்டின மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

முடியும் என்றார் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனநாதன். அதுவும் இன்றைக்கே, சாயங்காலம் நாலு மணிக்கு.

அவர் மேஜைமேல் வைத்த கைப்பிடியைக் கல்யாணசுந்தரி எடுத்துப் பார்த்தாள். வெள்ளை நிறம், உள்ளங்கை நீளம். அதன் பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த சதுரக் கம்பி பாதியில் முறிந்திருந்தது.

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, கடலைமிட்டாய்க் கடை மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். பதினாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள். அந்த வேலை போனபிறகு ஊரை விசாரிக்கும் வேலைக்கு வந்துவிட்டாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். உதவிக்கு இசக்கிராஜா. வயது முப்பத்தைந்து. சொந்த ஆட்டோ, அடங்காத வாய்.

"ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்மா," என்றார் பூவனநாதன். "மஸ்கட்ல அக்கா மகன் வீட்டுல பாத்தேன். ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்து. மூடிட்டா பக்கத்து ஸ்பின்னிங் மில்லு சத்தம் பொட்டுன்னு நின்னுரும். தை மாசம் பதினோரு ஜன்னல் மாட்டினேன். பத்து நல்லா இருக்கு. பூங்கொடி ரூம் ஜன்னல் மட்டும் நாலு தடவை பூட்டு கெட்டுப்போச்சு."

"கெட்டா ரிப்பேர் பண்ண வேண்டியதுதான அண்ணாச்சி?" என்றான் இசக்கிராஜா.

"பண்ணத் தெரிஞ்சவன் மூணு ஜில்லாவுக்கும் ஒருத்தன்தான். முத்துசெல்வம்." சோற்றில் கல் கடிபட்டதுபோல் அந்தப் பெயரைச் சொன்னார். "மஸ்கட்ல ஒம்பது வருஷம் இதே வேலை பாத்தவன். தை மாசம் இங்க பத்து நாள் வேலை பாத்தான். தெனமும் இவளே மோர் கொண்டுபோய்க் குடுத்தா. எனக்கு எவர்சில்வர் டம்ளர். அவனுக்குக் கண்ணாடி டம்ளர்."

"அதை வச்சா சந்தேகப்படுதீங்க?"

"கேளுங்கம்மா. நான் ஆபீசுக்குப் போனப்புறம் மத்தியானம் போன் வரும். 'கைப்பிடி கையோட வந்துட்டு'ம்பா. அவ கையில மட்டும் எப்படி வருது? மூணு தடவை அவன் வந்து மாட்டிட்டுப் போனான். நேத்து நாலாவது. இந்தத் தடவை அவனைக் கூப்பிட விடல. கைப்பிடியைப் பையில போட்டுக்கிட்டேன்."

"நேர்ல எதாவது பாத்தீங்களா?"

பூவனநாதன் குரலைத் தணித்தார்.

"மூணாவது தடவை பாத்தேன். வீட்டுக்குள்ள போகாம தோட்டத்துல, செடி இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டு நின்னேன். அவன் வேலையை முடிச்சு ஜன்னலை மூடிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவ நிக்கா. தலையைக் குனிஞ்சிக்கிட்டு, வெக்கப்பட்டு, சிரிக்கா. பதினெட்டு வருஷத்துல என்கிட்ட அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சதில்லம்மா. 'அடிக்கடி வாங்க'ன்னு வேற சொல்லுதா."

"உங்க காதால கேட்டீங்களா?"

"என் காதால கேட்டேன்."

கல்யாணசுந்தரி அந்த வார்த்தையைத் தன் சின்ன நோட்டில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள்.

"நாலு மணிக்குப் புதூர்ல இருந்து அவ அப்பா வாராரு. அவரு முன்னாடி வைக்க எனக்கு ஆதாரம் வேணும். பெட்டி கட்டச் சொல்லியாச்சு."

"ஆதாரம் வேற பக்கம் கையைக் காட்டினா?"

"காட்டாது," என்றார் பூவனநாதன்.

மணி பதினொன்று.

எட்டயபுரம் ரோட்டில் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த முத்துசெல்வத்தை நான் இன்னும் பாக்கல. ஆனா எனக்கு இப்பவே பிடிக்கல."

"ஏம்லே?"

"மூணு ஜில்லாவுக்கும் ஒருத்தன்னு என்னை யாரும் சொன்னதில்லையே. எங்க தெருவுலயே மூணு ஆட்டோ."

முத்துசெல்வத்தைப் பார்த்ததும் இசக்கிராஜாவுக்கு இன்னும் பிடிக்காமல் போயிற்று. உயரம். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டிருந்தான். கண்ணாடித் துண்டுகளும் பூட்டுகளும் நிறைந்த அந்தப் பட்டறையிலும் தலை கலையாமல் இருந்தது. அவன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெண் ஸ்க்ரூக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி காளீஸ்வரி.

"தீப்பெட்டி ஆபீஸ் பூவனநாதன் அண்ணாச்சி வீட்டு விஷயமா வந்தோம்," என்றாள் கல்யாணசுந்தரி.

ஸ்க்ரூ பிரித்த கை நின்றது.

"அங்க அடிக்கடி போவீங்களோ?"

முத்துசெல்வம் வாயைத் திறப்பதற்குள் காளீஸ்வரி பதில் சொன்னாள். "மூணு தடவை. பங்குனி ரெண்டு, பங்குனி இருபத்தெட்டு, சித்திரை இருபது."

"இவியளை நம்ம ஆபீசுல சேத்துக்கிடலாம்க்கா," என்று முணுமுணுத்தான் இசக்கிராஜா.

"மத்த வீட்டுக்கு அழுக்கு லுங்கியில போவாரு," என்றாள் காளீஸ்வரி. "அந்த வீட்டுக்குப் போறன்னைக்கு மட்டும் பவுடரு, சென்ட்டு."

"ஏட்டி, அது மார்பிள் போட்ட வீடு. லுங்கியோட போனா வாட்ச்மேனே விடமாட்டான்."

"வாட்ச்மேனுக்கு எதுக்கு சென்ட்டு?"

முத்துசெல்வம் கல்யாணசுந்தரியைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அதான் மூணாவது தடவை நானும் கூடப் போனேன்," என்றாள் காளீஸ்வரி. "அந்த ரூமுக்குள்ள, ஜன்னலுக்குக் கீழ தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். இவரு கேக்கக் கேக்க ஸ்க்ரூவை எடுத்துக் குடுத்தேன். அந்தம்மா என்கூடத்தான் பேசிக்கிட்டு நின்னாவ. இவரைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"உன்கூடப் பேசிச் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாவளே. நான் சொன்ன ஒண்ணுக்குக் குனிஞ்சு குனிஞ்சு சிரிச்சாவ."

"என்ன சொன்ன?"

காளீஸ்வரி உதட்டைப் பிதுக்கினாள். "நான் சும்மாதான் சொன்னேன். சிரிப்பு அவிய சிரிப்பு. அவியகிட்டயே கேட்டுக்கிடுங்க."

"போய்ப் பாத்தப்புறம் சந்தேகம் போச்சா?" என்று கேட்டான் இசக்கிராஜா.

"பாதி போச்சு."

கல்யாணசுந்தரி தன் பையிலிருந்து நாலாவது கைப்பிடியை எடுத்து வைத்தாள். முத்துசெல்வம் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து, உடைந்த மற்ற மூன்றையும் பக்கத்தில் அடுக்கினான். நாலும் ஒரே மாதிரி. சதுரக் கம்பி நாலிலும் முறுக்குப் பிழிந்ததுபோல் திருகியிருந்தது.

"திறக்கப் போய் உடைஞ்சதா, பூட்டப் போய் உடைஞ்சதா?"

"பூட்டப் போய் மேடம். திறக்கப் போயிருந்தா எதிர்ப்பக்கம் திருகியிருக்கும்."

அவன் புதுக் கைப்பிடி ஒன்றைக் கொடுத்தான். கம்பியைப் பட்டறை மேஜையிலிருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கி, கல்யாணசுந்தரி இரண்டு கையாலும் திருகினாள். அசையவில்லை. காளீஸ்வரி வந்து திருகினாள். அசையவில்லை. இசக்கிராஜா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பிடித்தான். முகம் சிவந்தது. கம்பி ஒரு மயிரிழை திரும்பியது.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். நல்ல முரட்டுக் கையால, கோபத்தோட திருப்பணும்." அவள் முத்துசெல்வத்திடம் திரும்பினாள். "திருப்பினதும் உடைஞ்சிருமா?"

"உடையாது. முதல்ல முறுக்கும். பூட்டினவங்களுக்குப் பூட்டு நல்லா விழுந்துட்டுன்னுதான் தெரியும். அடுத்தாப்ல யாரு தொடுதாங்களோ, அவிய கையோட வரும்."

"ஏன் அவ்வளவு பலமாப் பூட்டணும்?"

"கைப்பிடியைத் திருப்பினா கதவுக் கொக்கி போய் ஒரு பள்ளத்துல விழணும். ரெண்டும் நேருக்கு நேர் நிக்கல." அவன் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக் குச்சிகளைக் கொட்டினான். இந்த ஊரில் மெல்லிய அளவுக்கெல்லாம் அதுதான் அளவுகோல். "முதல் தடவை, கொக்கி ஒரு குச்சி கனம் கீழ நின்னுது. பள்ளம் இருக்குத தகட்டைக் கழத்தி ஒரு குச்சி இறக்கி மாட்டினேன். ரெண்டாவது தடவை மறுபடி ஒரு குச்சி. மூணாவதுக்கும் ஒரு குச்சி."

"ஜன்னல் கதவு தொங்கியிருக்கும்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். கீலைப் பாத்தேன், கண்ணாடிக்கு வச்ச ஆப்பைப் பாத்தேன். ஒண்ணும் தொங்கல. ஒம்பது வருஷத்துல இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல மேடம்."

"வெளியில இருந்து பாத்தீங்களா?"

"தோட்டத்துப் பக்கம் என்னை விடவே கூடாதுன்னு அண்ணாச்சி உத்தரவு. பின்வாசல்ல நுழைஞ்சு நேரா ரூமுக்கு. வெளிய ஜன்னலை மறைச்சு முள்ளுச்செடி வேற."

திரும்பும் வழியில் இசக்கிராஜா பேசாமல் ஓட்டினான். அது அபூர்வம்.

"ஒண்ணு தெளிஞ்சுட்டு," என்றாள் கல்யாணசுந்தரி. "அந்தம்மா தலையைக் குனிஞ்சது வெக்கத்துல இல்ல. கூடப் பேசினவ தரையில உக்காந்திருந்தா. தோட்டத்துல நின்னவருக்கு அவ தெரியல."

"அப்ப கேஸ் முடிஞ்சுட்டு."

"முடியல. அண்ணாச்சி இதை நம்பமாட்டாரு. அந்தக் காளீஸ்வரியும் கூட்டுன்னு சொல்லுவாரு. நாலு தடவை ஏன் உடைஞ்சதுன்னு சொன்னாத்தான் அந்தம்மா பெட்டி இறங்கும். ஏலே, கொக்கி இறங்கலைன்னா என்ன அர்த்தம்?"

"பள்ளம் ஏறிட்டு."

"பள்ளம் எதுல இருக்கு?"

"சட்டத்துல."

"சட்டம்?"

"சுவத்துல." சொல்லிவிட்டு ஆட்டோவை ஓரமாக நிறுத்தினான். "அக்கா! சுவரா ஏறுது? எங்க ஊர்ல அப்படித்தான். ஐப்பசியில மழை விழுந்தா கரிசல் ஊதி எங்க வீட்டுக் கதவு சாத்தாது. பங்குனியில காஞ்சதும் தானா சாத்தும்."

"இது வைகாசி. கார்த்திகைக்குப் பிறகு ஒரு சொட்டு மழை உண்டா?"

இசக்கிராஜா மறுபடி ஆட்டோவைக் கிளப்பினான். "மழையில்லாம எப்படிக்கா சுவரு ஏறும்?"

"வா, பாப்போம்."

பூவனநாதன் வீட்டுத் தோட்டம் தாகத்தில் வாய் பிளந்து கிடந்தது. வெடிப்பு ஒன்றில் இசக்கிராஜாவின் செருப்பு கணுக்கால்வரை இறங்கிவிட்டது. செருப்பை மீட்டுக்கொண்டு நிமிர்ந்தவன், கீழ்மூலையைப் பார்த்து விசில் அடித்தான்.

அந்த ஒரு மூலையில் மட்டும் காகிதப்பூச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கின. பூவுக்குச் சமமாக முள். பின்னால் பூங்கொடி அறையின் ஜன்னல். கல்யாணசுந்தரி முள்ளை விலக்கிக் குனிந்தாள். அங்கே மண்ணில் வெடிப்பே இல்லை. செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. ஜன்னலின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் மேலே ஓடியது.

அவள் வீட்டுக்குள் போனாள்.

பூங்கொடியின் அறை குளிர்ச்சியாக இருந்தது. கடலைமிட்டாய்க் கடை இரைச்சலுக்கு மேலே வாழும் கல்யாணசுந்தரிக்கு, நுழைந்ததும் ஒரு நொடி பொறாமையாக இருந்தது. பிறகு கட்டிலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். கைப்பிடி இல்லாத ஜன்னல் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. பொறாமை போய்விட்டது.

கயிற்றை அவிழ்த்து, கொக்கிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகினாள். கச்சிதமாக நின்றது. நாலாவது குச்சி.

"இந்த ஜன்னலை எப்பம்மா திறப்பீங்க?"

"மத்தியானம் ஒருக்கா," என்றாள் பூங்கொடி. முப்பத்தெட்டு வயது. அழுது ஓய்ந்த கண்கள். "மில்லுல ஷிஃப்ட் முடிஞ்சு பிள்ளைக பேசிக்கிட்டே போகும். அதைக் கேக்கத்தான்."

"பூட்டுதது?"

"நான் சும்மா சாத்தி வைப்பேன். பூட்டுதது அவியதான். காலையில ஆபீசுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு ஜன்னலா பூட்டிப் பாப்பாவ. என் ரூமுல மட்டும் ரெண்டு தரம்."

இசக்கிராஜா தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டான்.

"அன்னைக்கு எதுக்குச் சிரிச்சீங்க?"

பூங்கொடி பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். "மூணு மாசமா அவிய என்கிட்ட என்னென்னவோ கேட்டுட்டாவ. எதுக்குச் சிரிச்சேன்னு மட்டும் கேக்கல. அவிய கேக்கட்டும், சொல்லுதேன்."

நாலு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் பூங்கொடியின் அப்பா பரமசிவன். மானாவாரி விவசாயி. தோளில் துண்டு, முகத்தில் எதற்கு வரச்சொன்னார்கள் என்ற கலக்கம். பூவனநாதன் அவரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கல்யாணசுந்தரியைப் பார்த்தார்.

"ஆதாரம்?"

"இருக்கு அண்ணாச்சி. முதல்ல ஒரு சின்னச் சோதனை. ராஜா, வெளிய போ."

இசக்கிராஜா தோட்டத்தில் போய் நின்றான். கல்யாணசுந்தரி கூடத்து ஜன்னலைப் பூட்டிவிட்டுக் கைகாட்டினாள். அவன் தொண்டை நரம்பு புடைக்க, கையை ஆட்டி ஆட்டி எதையோ கத்தினான். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்லுதான் அண்ணாச்சி?"

"தெரியலையே."

இசக்கிராஜா உள்ளே வந்தான். வேர்த்திருந்தது. "உங்களை மாதிரி நல்லவரு ஊர்ல உண்டான்னு கேட்டேன் அண்ணாச்சி," என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் வேறு ஏதோ சொன்னதுபோல் இருந்தது.

"ஜன்னலை மூடினப்புறம் தோட்டத்துல நின்னு, 'அடிக்கடி வாங்க'ன்னு காதால கேட்டதாச் சொன்னீங்க," என்றாள் கல்யாணசுந்தரி.

பூவனநாதன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"உதடு அசைஞ்சதைப் பாத்தீங்க. வார்த்தையை நீங்களாப் போட்டுக்கிட்டீங்க." காளீஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள்.

"அவளும் கூட்டு!" என்றார் பூவனநாதன். "எல்லாம் சரி, பூட்டு ஏன் கெட்டுது? பத்து ஜன்னல் கெடல. இவளோடது மட்டும் நாலு தடவை! அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"வாங்க, காட்டுதேன்."

எல்லாரும் தோட்டத்தின் கீழ்மூலைக்கு வந்தார்கள். பூங்கொடியும் பின்னால் வந்து நின்றாள். கல்யாணசுந்தரி விளக்க ஆரம்பிக்குமுன், பரமசிவன் முள் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். பிசைந்தார். உருட்டினார். சுவரின் விரிசலை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்பிள்ள, கரிசல்ல செவத்து ஓரமா இம்புட்டுத் தண்ணி யாரு ஊத்துதா?"

பூவனநாதன் செடியிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினார்.

"வீடே அந்தரத்துல தூக்குமே மாப்பிள்ள! எங்க ஊர்ல குளிச்ச தண்ணியக்கூட செவத்துப் பக்கம் விடமாட்டோம். யாரு ஊத்துதா?"

"நான்தான்," என்றார் பூவனநாதன், மெதுவாக. "தோட்டக்காரனை இந்தப் பக்கம் விடுததில்ல. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

"எப்போ நட்டீங்க?" என்று கேட்டாள் கல்யாணசுந்தரி.

"மாசி ஒண்ணாந்தேதி."

"எதுக்கு இத்தனை முள்ளுச்செடி?"

பூவனநாதன் மாமனாரைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

"கண்ணாடி டம்ளருக்காக," என்றாள் கல்யாணசுந்தரி. "ஜன்னல் பக்கம் எவனும் வந்திரக்கூடாதுன்னு முள்ளு நட்டீங்க. முள்ளுக்குத் தண்ணி விட்டீங்க. மண்ணு ஊதி சுவத்தைத் தூக்குச்சு. பூட்டு இறுகிட்டு. எவனும் நுழைஞ்சிரக்கூடாதுன்னு ரெண்டாந்தரம் முறுக்கிப் பூட்டினதும் நீங்கதான். முறுக்கின கம்பி மத்தியானம் அந்தம்மா தொட்டதும் கையோட வந்துது. முத்துசெல்வத்தை இந்த வீட்டுக்கு மூணு தடவை வரவழைச்சது உங்க வீட்டம்மா இல்ல அண்ணாச்சி. நீங்க."

ஸ்பின்னிங் மில் இரைந்துகொண்டிருந்தது. பரமசிவன் கையிலிருந்த மண் உருண்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பூவனநாதன் கடைசியில் மனைவியின் பக்கம் திரும்பினார். தோற்றுப்போன முகம். ஆனாலும் ஒரு கேள்வி அந்த முகத்தில் மிச்சம் இருந்தது.

"அப்ப எதுக்குத்தான் அப்படிச் சிரிச்ச?"

பூங்கொடி நேராக அவரைப் பார்த்தாள்.

"காளீஸ்வரி சொன்னா, இதை மூடிட்டா வெளிய உள்ள சத்தம் உள்ள வராது, உள்ள போடுத சத்தமும் வெளிய போகாதுன்னு. காலையில நீங்க என்னைப் போடுத சத்தம் இனிமே மில்லுக்குப் போற பிள்ளைகளுக்குக் கேக்காதேன்னு நெனச்சேன். பதினெட்டு வருஷம் கழிச்சு. சிரிப்பு வந்துட்டு."

அவள் உள்ளே போய்ப் பெட்டியுடன் வந்தாள். பூவனநாதன் பதறினார்.

"அதான் எல்லாம் தெளிஞ்சுட்டே பூங்கொடி. இனி எதுக்குப் பெட்டி?"

"நீங்க அனுப்பல. நானாப் போறேன்." பெட்டியை அப்பா கையில் கொடுத்தாள். "தண்ணியை நிறுத்துங்க. மண்ணு காயட்டும். அந்த ஜன்னல் முறுக்காம, ஒரு விரலால தள்ளி எப்பப் பூட்டுதோ, அப்பச் சொல்லி விடுங்க. வாரேன்."

கார் தெருமுனையில் திரும்பும்வரை பூவனநாதன் வாசலில் நின்றார். கல்யாணசுந்தரி நாலாவது கைப்பிடியை அவர் கையில் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அவர் ஆட்டோவின் பக்கமாகக் குனிந்தார்.

"ஏம்மா, அந்த முத்துசெல்வத்துக்குச் சொந்த ஊரு எது?"

"எப்போதும்வென்றான்."

"அங்க இருந்து புதூருக்கு எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

கல்யாணசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரொம்பத் தூரம் அண்ணாச்சி," என்றான் இசக்கிராஜா. "முதல்ல அந்தத் தோட்டத்துக் குழாயை மூடுங்க. சொட்டுது பாருங்க."

பூவனநாதன் வேகமாகப் போனார். குழாயின் திருகைப் பிடித்து இறுக்கினார். சொட்டு நின்றது. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம், பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

திருகு அவர் கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஒரு கையில் திருகும் மறு கையில் கைப்பிடியுமாக அவர் நனைந்துகொண்டு நிற்க, காகிதப்பூச் செடிகளின் அடியில் கரிசல் மண் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.